பந்து தவறிய பின்

கடலூரில் சிறுமியர் கால்பந்துப் பயிற்சியைப் புதிதாக ஏற்றிருக்கும் அன்பு மகளுக்கு,

குழு விளையாட்டின் உளவியல் என்றாலே தன்னம்பிக்கை, வெற்றி வேட்கை என்னும் பெருஞ்சொற்கள் முன்னே வந்து நிற்கின்றன. ஆனால் ஆட்டக்காரரின் மனம் உண்மையில் உருவாவது, ஒரு தவறுக்கும் அடுத்த பந்துக்கும் இடைப்பட்ட சில நொடிகளில்தான். கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பந்தை எதிரணியிடம் பறிகொடுக்கும்போது, அவள் கண்கள் பந்தைத் தொடர்வதில்லை. எல்லைக்கோட்டருகே நிற்கும் பயிற்சியாளரையும், வேலிக்கு அப்பால் நிற்கும் தந்தையையும் தேடுகின்றன. அங்கே சுளித்த முகத்தைக் கண்டவள், அடுத்த முறை பந்து வரும் வழியிலிருந்து ஓரடி விலகி நிற்கப் பழகிவிடுகிறாள். தோல்வியைவிட அதனால் வரும் தலைகுனிவுக்கு அஞ்சும் இந்நிலையே தோல்வியச்சம் எனப்படுகிறது. வெளிப்பார்வைக்கு அது அக்கறையின்மை போலத் தோன்றுவதால் பயிற்சியாளர் மேலும் அதட்டுகிறார், அச்சமும் வேரூன்றுகிறது.

அமெரிக்காவில் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் ஆகிய உளவியலார், பிள்ளை தவறு செய்தவுடன் ஊக்கமும் திருத்தமும் சேர்த்துச் சொல்லும் முறையைச் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்குக் கற்பித்தனர். 1992இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, அவ்வாறு கற்ற பயிற்சியாளர்களிடம் ஆடிய சிறுவருள் 5 விழுக்காட்டினரே அடுத்த பருவத்தில் விலகினர். கற்காதவர்களிடம் ஆடியோருள் விலகியவர்கள் 26 விழுக்காடு. இரு பிரிவினரின் வெற்றிக் கணக்கில் வேறுபாடில்லை என்பது, கண்டிப்பின்றி வெற்றி வராது என்போர் ஊன்றிப் பார்க்க வேண்டிய செய்தி.

இதற்குச் சான்று தேடிக் கடல் கடந்து செல்லவும் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், இழப்பைச் சுமந்திருந்த சிறுமியரையும் சேர்த்துக்கொண்டு பயிற்சியாளர் மாரியப்பன் கடலூரில் கால்பந்து அணிகளை வளர்த்தெடுத்தார். இந்திய அணிக்கு ஆடிய நடுக்கள ஆட்டக்காரர் இந்துமதி கதிரேசன் கடலூர் மண்ணில் உருவானவர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2–1 என வென்று தமிழக மகளிர் முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றபோது அவரும் அணியில் இருந்தார். ஏற்கெனவே பெரிதாக இழந்துவிட்ட பிள்ளைக்கு ஆடுகளத்தில் தரவேண்டிய முதற்பொருள், தவறினாலும் தன் இடம் பறிபோகாது என்னும் உறுதியே.

பெரியவர்களின் சிக்கல் வேறு வகையானது. சிதம்பரத்தில் தேர்வடம் பிடிக்கும் கூட்டத்தில் யார் முழு வலுவோடு இழுக்கிறார், யார் வெறுமனே கைவைத்திருக்கிறார் எனப் பிரித்தறிய இயலாது. பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மான் 1913இல் வெளியிட்ட கயிறிழுப்புச் சோதனைகளில், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரின் பங்கும் தனித்து இழுத்ததில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒருவருக்கொருவர் இசைந்து இழுக்காததும், தன் உழைப்பு தனியே தெரியாது என்ற தளர்வும் இதற்குக் காரணங்கள். வேலை முடிந்து மாலையில் கபடியோ கைப்பந்தோ ஆட வருவோரிடமும் இதே தளர்வு காணப்படும். பிடிப்பவர், காப்பவர், குரல் கொடுப்பவர் என ஒவ்வொருவரின் பொறுப்பையும் ஆட்டத்துக்கு முன்பே பெயர் சொல்லி வகுத்தால் அது பெரிதும் நீங்கும்.

மாற்று ஆட்டக்காரராக உட்கார வைக்கப்படுபவரிடம், அவர் சிறுமியானாலும் நாற்பது வயதினரானாலும், காரணத்தை அணிப் பட்டியல் ஒட்டப்படுவதற்கு முன் தனியாக அழைத்து, அடுத்து எதைத் திருத்தினால் களமிறங்கலாம் என்பதோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.