பெயர் நிற்கும் இடம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆறு மாத காலம் கண்விழித்து நீ உருவாக்கிய இணையதளத்தின் அடியில் உன் ஸ்தாபனத்தின் பெயர் மட்டும் பளிச்சென்று விளங்க, உனக்கு அங்கே இடமில்லாது போன மனத்தாங்கலில், மூலநிரலின் நடுவே ஒரு கமென்ட் வரியில் உன் பெயரை ஒளித்துவைத்திருப்பதாகச் சொல்லி, இது முறைதானா என்று கேட்டிருந்தாய்.

அந்த அபிலாஷையை நான் குறை சொல்லமாட்டேன். வீடியோ விளையாட்டுகளை எழுதியவர்களின் பெயரை வெளியிட அட்டாரி நிறுவனம் சம்மதியாத 1970களின் இறுதியில், வாரன் ராபினெட் என்பவர், 'அட்வென்ச்சர்' என்னும் தம் விளையாட்டில், சாம்பல் நிறப் பின்னணியோடு கரைந்து கிடக்கும் ஒற்றைப் புள்ளியைக் கண்டெடுத்துச் சுமந்து செல்பவருக்கு மட்டுமே வழிவிடும் ஓர் அறையைக் கட்டி, அதற்குள் தம் பெயரைப் பொறித்துவிட்டு, மேலதிகாரிகளிடம் மூச்சுவிடாமல் வேலையை விட்டு விலகினார். அதே நிறுவனத்தினின்று வெளியேறிய நால்வர் சேர்ந்து 1979இல் தொடங்கிய ஆக்டிவிஷனோ, ஆக்கியவரின் பெயரை வெளிப்படையாகவே போற்றியது.

ஆனால் ராபினெட்டின் விளையாட்டு, 4 கிலோபைட் சில்லில் ஒருமுறை பதிந்தபின் எவரும் தொட்டுத் திருத்த முடியாதது. அவர் விட்டுச்சென்ற பொருளும் பெயரும் பிரியாமல் நின்றன. இணையதளத்தின் விதி வேறு.

நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், ஒரு நகைக்கடைக்குத் தளம் அமைத்தபோது, யாரையும் கேளாமல் பக்கத்தின் அடியில் என் பெயரையும் கைபேசி எண்ணையும் பொடி எழுத்தில் சேர்த்துவிட்டேன். அந்த வேலையை விட்டு இரண்டு வருஷம் கழிந்தபின், ஓர் இரவு பதினொரு மணிக்கு ஓர் அம்மாள் அழைத்து, நகைச்சீட்டுத் தவணை இரண்டு முறை பிடித்துவிட்டதாகச் சொல்லி, "உன் பேர்தானேப்பா கீழே போட்டிருக்கு?" என்று கேட்டார். பணம் வசூலிக்கும் பகுதியை எனக்குப் பின் வந்தவர்கள் அடியோடு மாற்றி எழுதியிருந்தார்கள். என் வரி ஒன்றுகூட அதில் மிஞ்சவில்லை. பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. பொருளின் அடியில் பெயரெழுதுவது அதற்கு ஜாமீன் நிற்பதாகும் என்பதை அன்றிரவுதான் கற்றேன்.

ஆகவே, செய்த பகுதியோடும் செய்த தேதியோடும் பெயர் சேர்ந்து நிற்கும் இடமே அதற்கு உரிய இடம் என்பது என் அபிப்பிராயம். நிரலில் செய்யும் மாற்றங்களுக்கான பதிவேடாக 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்', நீ பதியும் ஒவ்வொரு மாற்றத்திலும், அதாவது கமிட்டிலும், உன் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. எந்த வரி யாருடையது என்று கேட்கும் கட்டளைக்கு அதில் 'பிளேம்', அதாவது பழி, என்றே பெயரிட்டிருப்பதை எண்ணிப் பலமுறை சிரித்திருக்கிறேன்.

அந்தப் பதிவேடு ஸ்தாபனத்தின் பூட்டுக்குள் அல்லவா இருக்கிறது என்பாய், மெய்தான். நம் நாட்டின் 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேறு உடன்படிக்கை இல்லாதவரை, உத்தியோகத்தின் பொருட்டு நீ எழுதியதற்கு முதலாளியே முதல் உரிமையாளர் என்கிறது; ஆயினும் 57ஆம் பிரிவு, உரிமை கைமாறிய பின்பும், ஆக்கியவன் நானே என்று கோரும் பாத்தியதையை ஆக்கியவனிடமே விட்டுவைத்திருக்கிறது. வீடு அவர்களுடையது, கட்டியவன் நீ. அவர்கள் சுவரில் ரகசியமாகக் கிறுக்க உனக்கு நியாயமில்லை, கட்டியதைச் சொல்லிக்கொள்ளக் கூசவும் வேண்டியதில்லை.

நாளைக் காலை உன் மேலாளரிடம் போய், இந்தத் தளத்தில் நீ செய்த பகுதியையும் செய்த மாதத்தையும் உன் சுயவிவரத்தில் எழுதிக்கொள்ளச் சம்மதம் கேட்டு, அதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள். தளத்தை ஆக்கியவர்களின் பெயர்களுக்கென்றே 'ஹியூமன்ஸ்' என்றொரு சிறு கோப்பை வைக்கும் வழக்கமும் உண்டு. கடைசியாகப் புதுப்பித்த தேதிக்கும் அதில் இடமுண்டு. வாடிக்கையாளர் இசைந்தால், டிசைனரையும் டெஸ்டரையும் விட்டுவிடாமல் எல்லோர் பெயரையும் அதில் எழுது.

அதற்குமுன், இன்றிரவே அந்தக் கமென்ட் வரியை அழித்துவிடு. அழித்ததும் உன் பெயரில்தான் பதிவாகும்.

உன் நலம் நாடும்
அண்ணன்