இருமும்போது திரையைப் பாருங்கள்: இளம் மருத்துவர்களுக்கு ஒரு ஸ்கேன் பயிற்சி

நெல்லிக்குப்பத்தில் கரும்பு வெட்டப் போகும் அம்மா, “இருமினா ஒண்ணுக்கு வந்துடுது” என்று தானாகச் சொல்லமாட்டார். இடுப்புவலி என்று சீட்டு வாங்கி உட்கார்ந்திருப்பார். கடலூர் மாவட்டத்தில் பணியாற்றப்போகும் மகளிர் நல, ரேடியாலஜி மருத்துவர்களுக்கு இந்தக் கசிவை ஸ்கேனில் படிக்கத் தெரிவது ஒரு கைத்தொழில் போல உதவும்.

1. முதலில் கேளுங்கள். “கட்டு தூக்கும்போது கசியுதாம்மா? இல்ல, அவசரமா வந்து அடக்க முடியலையா?” முன்னதற்குத்தான் சிறுநீர்ப் புறவழிக்குக் கீழே டேப் வைக்கும் அறுவை. அதற்கும் முன்பாக, இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை 3 மாதமாவது முறையாகச் செய்ய வைக்க வேண்டும். ஸ்கேன் இந்த விசாரிப்புக்கு மாற்று ஆகாது.

2. இருக்கும் கருவியே போதும். வயிற்றுக்கு வைக்கும் வளைந்த புரோபில் ஜெல் தடவி, கையுறை மாட்டி, பிறப்புறுப்பின் வெளியே நடுக்கோட்டில் வையுங்கள். பியூபிக் எலும்பு, சிறுநீர்ப் புறவழி, சிறுநீர்ப்பை மூன்றும் ஒரே படத்தில் வரும். சும்மா இருக்கும்போது, இருமும்போது, முக்கும்போது, தசையை இறுக்கும்போது என நான்கு நிலையிலும் பாருங்கள். அசைவில்லாத படத்தில் பாதிச் செய்திதான் இருக்கும்.

3. அறுவையின் தத்துவத்தைப் புரிந்துகொள்ளுங்கள். 1961இல் மருத்துவர் பர்ச் விவரித்த அறுவை, சிறுநீர்ப்பையின் கழுத்தை மேலே தூக்கிக் கட்டியது. 1996இல் ஸ்வீடன் மருத்துவர் உல்ம்ஸ்டன், புறவழியின் நடுப்பகுதிக்குக் கீழே இழுக்காமல் தளர்வாக ஒரு டேப்பை வைக்கும் முறையை விவரித்தார். ஸ்கேனில் பார்த்தால், டேப் வைத்த பிறகும் முக்கும்போது கழுத்து கீழே இறங்கத்தான் செய்கிறது; ஆனாலும் கசிவு நிற்கிறது. அந்த நொடியில் புறவழி, டேப்புக்கும் எலும்புக்கும் நடுவே மடங்கி அழுந்துவதே காரணம். முக்காதபோது டேப் சும்மா கிடக்க வேண்டும்.

4. அறுவைக்குப் பின்னும் பாருங்கள். எக்ஸ்ரேயில் தெரியாத டேப், அல்ட்ராசவுண்டில் பளிச்சென்ற வெள்ளைக் கோடு. புறவழியின் நடுவை ஒட்டி இருக்கிறதா, விலகிவிட்டதா? முக்கும்போது எலும்புக்கும் டேப்புக்கும் இடைவெளி அதிகமென்றால் கசிவு தொடரலாம். மிகக் குறைந்தால் சிறுநீர் முக்கிமுக்கி வரும். சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று அளந்து எழுதுங்கள்.

5. சட்டத்தை மறக்காதீர்கள். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டம் இங்கும் பொருந்தும். பதிவுபெற்ற மையத்தில், பதிவுபெற்ற கருவியில், தகுதியுள்ள மருத்துவரே ஸ்கேன் செய்யலாம். வெறும் எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு, 2014 விதிகளின்படி 6 மாதப் பயிற்சி வேண்டும்.

6. பயிற்சியைத் தேடிப் போங்கள். சிதம்பரம் மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் படிப்பவர்கள், மகளிர் நலப் பிரிவிலும் ரேடியாலஜியிலும் மூத்தவர்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். அறுவைக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்ததையும் சேர்த்து வைத்துப் படித்தால் கண் பழகும். சம்மதம் வாங்குவதையும் அங்கே பழகுங்கள். டேப்பாக வைக்கும் வலைத் துணியின் சிக்கல்களால் 2018இல் பிரிட்டன் இவ்வகை அறுவையை நிறுத்திவைத்தது. நன்மையையும் ஆபத்தையும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும்.

கடைசியாக, திரையை அந்த அம்மா பக்கம் திருப்புங்கள். “இப்ப இறுக்குங்கம்மா.” தன் தசை அசைவதை அவர் கண்ணால் பார்ப்பார். எந்தத் தசையை இறுக்க வேண்டும் என்பது அப்போது புரிந்துவிடும். சிலருக்கு அறுவையே தேவைப்படாமல் போகலாம்.