சாந்தி ஓடிய இரண்டு சுற்று

ஃபேரர் பார்க் திடலை நம்மில் பலருக்குத் தெரியும். பெருமாள் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரம்தான். 1933 வரை அங்கே குதிரைகள் ஓடின. 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, ஆங்கிலேயர் கைவிட்ட பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியர் அங்கேதான் கூட்டி நிறுத்தினார்கள். பிறகு பல தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் ஓடிப் பழகிய இடமாக ஆனது. இப்போது சுமார் 1,600 வீவக வீடுகள் அங்கே வரப்போவதாகத் திட்டம்.

இந்த மாதப் பாடம் ஓட்டத்தைப் பற்றியது. குறிப்பாக ஒரு தமிழ்ப் பெண்ணின் ஓட்டத்தைப் பற்றியது. ஓட்டப்பந்தயத்துக்கும் சமய வகுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், மகாபாரதத்துக்கு வந்துவிடுவோம்.

நூறு மீட்டர் ஓட்டம் எல்லாருக்கும் புரியும். மாரத்தானும் புரியும். நடுவில் இருக்கிற 800 மீட்டர்தான் படுத்தி எடுக்கும். திடலை இரண்டு முறை சுற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முழு வேகத்தில் ஓட அது ரொம்ப நீளம். மூச்சை நிதானமாக வைத்துக்கொண்டு ஓட ரொம்பக் குறுகல். முதல் வளைவு முடியும்வரை அவரவர் தடத்தில் ஓடுவார்கள், பிறகு எல்லாரும் உள்பக்கத்துக்கு வந்து முட்டி மோதுவார்கள். முதல் சுற்றில் ஆசைப்பட்டு வேகமாகப் போனால் கடைசி 200 மீட்டரில் கால் கல்லாகிவிடும். பின்தங்கினாலோ முன்னால் இருக்கிறவர்களைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும். அதற்கும் தெம்பு வேண்டும். யாரை எப்போது முந்துவது என்பதை, மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்யணும்.

சிங்கப்பூரில் நமக்கும் இந்தக் கதை புதிது இல்லை. 1977 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 1500 மீட்டரிலும் 3000 மீட்டரிலும் தங்கம் வாங்கியவர் க. ஜெயமணி. 1983இல் அதே விளையாட்டுகள் இங்கே நடந்தபோது மாரத்தானிலும் தங்கம் வாங்கினார். அவரைத் தெரியாத தம்பி தங்கச்சிகள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நாம் இன்று பேசப்போவது சாந்தி சௌந்திரராஜன். புதுக்கோட்டை மாவட்டம், கத்தக்குறிச்சி கிராமம். 1981இல் பிறந்தவர். அப்பா அம்மா செங்கல் சூளையில் கூலி வேலை. ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் என்பதால் அவர்கள் வேலைக்குப் போகும்போது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது இவர் பொறுப்பு. ஊரில் சாதியின் பெயரால் ஒதுக்கி வைக்கப்பட்ட குடும்பம். தாத்தா ஒரு காலத்தில் நன்றாக ஓடியவராம். பேத்திக்கு 13 வயதானபோது அவர்தான் திறந்தவெளியில் ஓடக் கற்றுக்கொடுத்து, ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக் கொடுத்தார். பள்ளிப் போட்டிகளில் ஜெயித்ததால் படிப்புக்கு உதவி கிடைத்தது. ஓடியதால்தான் மூன்று வேளை சாப்பாடும் கல்லூரியும் வந்தன.

2005இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் வெள்ளி. 2006இல் கொழும்பில் தெற்காசிய விளையாட்டுகளில் 1500 மீட்டர் தங்கம். அதே ஆண்டு டிசம்பரில் தோஹாவில் ஆசிய விளையாட்டுகள். 800 மீட்டர் இறுதி ஓட்டத்தில் பஹ்ரைனின் மரியம் ஜமால் முதலில் வந்தார். இரண்டாவது சாந்தி. 2 நிமிடம் 3.16 வினாடி.

இந்த நேரம் எவ்வளவு பெரியது என்று தெரிய ஒரு கணக்கு. நூறு மீட்டருக்குச் சராசரியாக 15.4 வினாடி. அந்த வேகத்தில் யாராவது நம்ம 2.4 கிலோமீட்டரை ஓடினால் ஆறு நிமிடம் பத்து வினாடிக்குள் முடிந்துவிடும். என்எஸ் போன அண்ணன்களிடம் இதைச் சொல்லி, அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். (2.4 முழுவதும் அந்த வேகத்தில் ஓடுவது உலகத் தரமான ஆண் ஓட்டக்காரர்களால்தான் முடியும், அது வேறு விஷயம்.)

பந்தயம் முடிந்த பிறகு சாந்தியைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். ரத்தப் பரிசோதனை என்றுதான் நினைத்திருக்கிறார். அங்கே இருந்த மருத்துவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது, என்ன செய்கிறார்கள், எதற்காக என்று யாரும் தனக்குப் புரியும்படி சொல்லவில்லை என்று பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். அது பெண்தானா என்று பார்க்கும் பரிசோதனை. சில நாட்களில் செய்தி வெளியே வந்துவிட்டது. தேர்ச்சி பெறவில்லை என்று அறிவித்து வெள்ளிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் ஊர் போய்ச் சேர்வதற்கும் அவர் உடம்பைப் பற்றி உலகமே தொலைக்காட்சியில் பேசுவதற்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கவில்லை. அவருக்கு அப்போது வயது 25.

இங்கே அறிவியலைக் கொஞ்சம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சு வந்தாலே ஆளாளுக்கு எதையாவது சொல்லுவாங்க. உடம்பில் ஆண், பெண் என்பதை ஒரே ஒரு விஷயம் தீர்மானிப்பதில்லை. குரோமோசோம் ஒன்று, சுரப்பிகள் ஒன்று, ஹார்மோன் ஒன்று, அந்த ஹார்மோனுக்கு உடம்பு எப்படி பதில் கொடுக்கிறது என்பது இன்னொன்று. பெரும்பாலோருக்கு நான்கும் ஒரே திசையில் இருக்கும். சிலருக்கு அப்படி இருக்காது. பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்தவர்களில் சிலருக்கு குரோமோசோம் வேறு மாதிரி இருப்பது வளர்ந்த பிறகுதான் தெரியவரும். பலருக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஊக்கமருந்து எடுத்துக்கொண்டு மாட்டுவதோடு இதைச் சேர்த்துப் பேசுவது பெரிய பாவம்.

அப்படியென்றால் பெண்கள் பிரிவுக்கு வரம்பே வேண்டாமா? வேண்டும். மற்ற ஓட்டக்காரப் பெண்களுக்கும் நியாயம் இருக்கிறது. அந்த வரம்பை எங்கே போடுவது என்பதில் விளையாட்டு உலகமே பல தடவை மனம் மாறியிருக்கிறது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் எல்லாப் பெண்களுக்கும் குரோமோசோம் சோதனை. 1990களில் அது சரியில்லை என்று கைவிட்டார்கள். ஆனால் சந்தேகம் வந்தால் சோதிக்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தார்கள். சாந்தி சிக்கியது அந்த வாசலில். 2011இல் ஹார்மோன் அளவை வைத்து விதி. 2018இல் 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரைக்கும் மட்டும் தனி விதி. 2025 செப்டம்பரிலிருந்து உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட ஒருமுறை மரபணுச் சோதனை. இன்னும் மாறலாம். இதில் எது சரி என்று இந்தப் பாடம் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. விதி எதுவாக இருந்தாலும் அதை ஒரு மனுஷியிடம் எப்படிச் சொன்னார்கள், சொன்னபோது அவள் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று மட்டும் பார்ப்போம்.

ஸ்பெயினின் தடை ஓட்டக்காரி மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோவை 1985இல் விலக்கினார்கள். அவர் விடாமல் வாதாடினார், விஞ்ஞானிகள் துணை நின்றார்கள், 1988இல் திரும்ப அனுமதி கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமெனியா 2009இல் பெர்லினில் 800 மீட்டர் தங்கம் வாங்கியபோது இதே கேள்வி எழுந்தது. அவருடைய நாடே எழுந்து நின்றது; அந்தப் பதக்கம் இன்றும் அவரிடம் இருக்கிறது. பிற்பாடு வந்த விதிகளை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார். அவர் வழக்கை சுவிஸ் நீதிமன்றம் முறையாகக் கேட்கவில்லை என்று 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஒடிசாவின் தூத்தி சந்தை 2014இல் நிறுத்தியபோது இந்திய விளையாட்டு ஆணையம் அவர் மேல்முறையீட்டுக்குத் துணை நின்றது. 2015இல் அவர் மறுபடியும் ஓடினார்.

2006இல் சாந்தி பக்கத்தில் அப்படி நின்றவர்கள் யார்? மேல்முறையீடு செய்யலாம் என்றுகூட எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. தமிழக முதல்வராக இருந்த கலைஞர் கருணாநிதி, பதக்கம் போன பிறகும், அறிவித்தபடி 15 லட்ச ரூபாயைக் கொடுத்தார். அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் விளையாட்டு அமைப்புகள் கையை உதறிவிட்டன.

இப்போது மகாபாரதம். ஆண்டுதோறும் தீமிதிக்குப் பெருமாள் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயில்வரை நடக்கிறோமே, அந்தத் திரௌபதியின் கதைதான். ஆதி பர்வத்தில் ஒரு திடல் வருகிறது. துரோணர் தன் மாணவர்களின் திறமையை ஊருக்குக் காட்டுகிறார். அர்ஜுனன் வில்வித்தை காட்டி முடித்ததும் வாசலில் ஒருவன் வந்து நிற்கிறான். கர்ணன். அர்ஜுனன் செய்ததை எல்லாம் அவனும் செய்து காட்டுகிறான். அதுவரை யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. நேருக்கு நேர் மோதலாம் என்றதும் கிருபர் எழுந்து கேட்கிறார்: உன் தாய் யார், தந்தை யார், என்ன குலம்? கர்ணன் தலை குனிகிறது.

கேள்வி எப்போது வருகிறது என்று கவனியுங்கள். திறமையைக் காட்டுவதற்கு முன்னால் வரவில்லை, காட்டிய பிறகுதான் வருகிறது. தோற்றிருந்தால் அவன் குலத்தை யார் கேட்டிருக்கப் போறாங்க? எட்டாவதாக வந்திருந்தால் சாந்தியும் நிம்மதியாக விமானம் ஏறி ஊருக்கு வந்திருப்பார்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் திடலில் கர்ணன் யார் என்று தெரிந்த ஒருத்தி இருந்தாள். குந்தி. கவச குண்டலத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மயங்கி விழுந்தாள், விதுரர் தெளிவித்தார், ஆனால் வாய் திறக்கவில்லை. பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார். நல்லவர்கள் நிறையப் பேர் இருந்த சபை அது. எழுந்து நின்றவன் துரியோதனன் ஒருவன்தான். அங்க நாட்டைக் கொடுத்து அரசனாக்கினான். அவனுக்கு உள்நோக்கம் இருந்தது, சரி. ஆனாலும் அவன்தானே நின்றான்! தேரோட்டி அதிரதன் கோலூன்றி வந்தபோது, முடிசூட்டிய ஈரம் காயாத தலையோடு கர்ணன் அவர் காலில் விழுந்தான். பீமன் சிரித்தான், போய்ச் சாட்டையை எடு என்றான். அந்த ஒரு மாலைப்பொழுதுக்காகக் கர்ணன் ஆயுள் முழுக்கத் தப்பான பக்கத்தில் நின்றான். அன்றைக்கு விதுரரோ பீஷ்மரோ எழுந்து அவன் தோளில் கை போட்டிருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். இளையர் அமைப்பு நடத்துகிற நமக்கு இது வெறும் கதையாகத் தெரியக் கூடாது. அவமானப்பட்டு நிற்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் நாம் போகவில்லை என்றால், வேறு யாரோ போவார்கள். அவர்கள் யார் என்பது நம் கையில் இருக்காது.

ஒரு சின்ன எச்சரிக்கை. சாந்தியைப் பற்றிப் பேசும்போது சிலர் ஆசையாகச் சிகண்டியையும் அர்த்தநாரீஸ்வரரையும் இழுத்து வருகிறார்கள். நல்ல மனதோடுதான். ஆனால் அந்தப் பெண் தன்னைப் பெண் என்றுதான் சொல்கிறார், பெண்ணாகத்தான் வாழ்கிறார். அவர் கேட்காத பெயரை நாம் பக்தியோடு சூட்டினாலும் அது இன்னொரு பரிசோதனைதான்.

பதக்கம் போன பிறகு என்ன ஆனது? உயிரை விட்டுவிடலாம் என்ற அளவுக்குப் போய், மீண்டு வந்தார். மீண்டவர் புதுக்கோட்டையில் கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஓடப் பழக்கினார். 2009 வாக்கில் 60க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவரிடம் பயின்றார்கள். சென்னை மாரத்தானில் அவருடைய மாணவர்கள் பரிசும் வாங்கினார்கள். ஆனால் ஒப்பந்தப் பயிற்சியாளர் சம்பளத்தில் காலம் தள்ள முடியவில்லை. 2012இல் அப்பா அம்மா வேலை செய்த அதே செங்கல் சூளை வேலைக்குத் தானும் போனார். நாள் கூலி சுமார் 200 ரூபாய். ஆசிய வெள்ளி வாங்கிய கை செங்கல் அடுக்கிய அந்தச் செய்தி வெளியான பிறகுதான் மறுபடி கொஞ்சம் அசைவு வந்தது. பெங்களூரில் முறையான பயிற்சியாளர் படிப்பில் சேர இடம் கிடைத்தது, முடித்தார். பிறகு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளர் வேலையும் கிடைத்தது. தோஹா பதக்கம் மட்டும் திரும்ப வரவில்லை. அவருடைய 2:03.16 அந்தப் பந்தய முடிவுகளில் கணக்கில் இல்லை.

அடுத்த படிப்பு வட்டத்துக்கு வருமுன் ஆதி பர்வத்தில் இந்தப் பகுதியை, துரோணர் திடல் அமைப்பதிலிருந்து சூரியன் மறையும்வரை, ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். கிருபர் பக்கமும் பேச ஒருவர் வேண்டும். அவர் கேட்டது அன்றைய விதிப்படி சரியான கேள்வி, அதை ஒதுக்கிவிட முடியாது. குந்தி ஏன் பேசவில்லை என்பதைத் தங்கச்சிகளில் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். ஓட விருப்பம் இருப்பவர்கள் ஷூவையும் எடுத்து வாங்க, பேச்சு முடிந்ததும் திடலில் இரண்டு சுற்று ஓடிப் பார்க்கலாம்.