உப்பும் பருத்தியும்

இராயபுரத்துக் கடலலையில் நனைந்த பருத்தித் துணியை உலர்த்தினால், அதன்மேல் உப்புப் பூக்குமேயன்றி இழை கரைவதில்லை. எனினும், உப்பினத்தைச் சார்ந்த சில பொருள்கள் பருத்தியையும் கரைக்கவல்லன என்பர் இரசாயன நூலார். தமிழ் பயிலும் நாம் இதனைக் கேட்டு வியந்து, அறிந்தவாறு ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

பருத்தியின் உடலாய் நிற்பது செல்லுலோஸ். அது குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உள. அவை ஹைட்ரஜன் பிணைப்பால் அயற் சங்கிலிகளைப் பற்றுகின்றன. தனித்தனியே மெல்லியவாயினும் இப்பிடிகள் எண்ணிறந்து கூடுதலின், நீரால் அவற்றை அவிழ்க்க இயலாது.

இனி, சமையலுப்பு உருகச் சென்டிகிரேடு 801 பாகை வெப்பம் வேண்டும். அதன் சிறிய அயனிகள் நெருங்கி அடுக்கப்பட்டிருத்தலே காரணம். நேரயனி பெரிதாயும் ஒழுங்கற்ற வடிவினதாயும் இருப்பின், அடுக்கு நெகிழ்ந்து உருகுநிலை தாழும். 1914-இல் வால்டன் என்பார் ஆராய்ந்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டு 12 பாகையிலேயே உருகிற்று. 100 பாகைக்குள் உருகும் இத்தகைய உப்புக்களே அயனித் திரவங்கள் எனப்படும்.

2002-இல் அமெரிக்க அலபாமாப் பல்கலைக்கழகத்தார், பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் குளோரைடு 100 பாகையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செல்லுலோசைக் கரைத்தலைக் காட்டினர். குளோரைடு அயனி, ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜனைத் தான் பற்றிக்கொண்டு பழைய பிணைப்பை விடுவிக்கின்றது. அதனிடத்தில் டெட்ராபுளோரோபோரேட்டை வைப்பின் கரைதல் இல்லை. அதன் மின்னேற்றம் பரந்து கிடத்தலின் பற்றும் வலியிலது. நேரயனியின் வாலை நீட்டி ஆக்டைல் ஆக்கினாலும் கரைதிறன் குன்றும். அசிட்டேட்டோ நன்கு பற்றுவதுடன், குழம்பின் தடிப்பையும் குறைக்கின்றது.

இராயபுரத்து ஈரக்காற்று இத்திரவத்துக்குப் பகை. புகுந்த நீர் குளோரைடைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். ஆயினும் அக்குறையே பயனுமாம்: கரைசலை நீரிற் செலுத்தினால் செல்லுலோஸ் நூலாய் வெளிப்படும்.

இதனால் யாது பயன் எனின், 1892-இல் தோன்றிய விஸ்கோஸ் முறைக்குக் கார்பன் டைசல்பைடு வேண்டும். அதன் ஆவி தொழிலாளர் நரம்பைக் கெடுக்கும். நம் நாட்டிலும், பவானிக் கரைச் சிறுமுகையிலிருந்த விஸ்கோஸ் ஆலையின் கழிவுநீரைக் குறித்து மக்கள் முறையிட்டனர். பின்னர் அவ்வாலை மூடப்பட்டது. அயனித் திரவங்களோ எளிதில் ஆவியாவதில்லை. பின்லாந்தின் ஆல்டோப் பல்கலைக்கழகத்தார் இவற்றினின்று நூல் நூற்றுள்ளனர். எனினும் இவை விலை மிக்கன. நீண்ட வாலுடையன சில நீர்வாழ் உயிர்க்குத் தீங்கு செய்வன. ஆதலின் ஒருதுளியும் ஆற்றிற் கலவாது மீட்டுப் பயன்படுத்தல் வேண்டும். ஆடை அணியும் நாம், அதனை ஆக்குவோர் நலத்தையும் அவர் பருகும் நீரையும் எண்ணிப் பார்த்தல் கடனன்றோ?