ஒருவரின் தரை, இன்னொருவரின் கூரை

தரைவீட்டில் குழாய் கசிந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். அடுக்குமாடி வீட்டில் அது கீழ்வீட்டுக்குப் போய்ச் சேரும். ஏனென்றால், அங்கு ஒருவர் வீட்டுத் தரைதான் இன்னொருவர் வீட்டுக் கூரை. சிங்கப்பூர்வாசிகளில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். இக்கழகம் 1960ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தோ பாயோ, குவீன்ஸ்டவுன் போன்ற வட்டாரங்களில் 1960களிலும் 1970களிலும் கட்டப்பட்ட புளோக்குகளில் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். கட்டடத்துக்கு வயதாகும்போது அதிலுள்ள குழாய்களுக்கும் வால்வுகளுக்கும் வயதாகிறது. ஆகவே, சிறிய கசிவை எப்படிக் கண்டறிவது, யாரைக் கொண்டு சரிசெய்வது, செலவை யார் ஏற்பது ஆகியவற்றை நாம் அறிந்திருக்க வேண்டும்.

வால்வு ஏன் கசிகிறது?

தண்ணீரின் ஓட்டத்தைத் திறக்கவும் மூடவும் உதவும் சிறு கருவியே வால்வு. பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழும் கழிவறைத் தண்ணீர்த் தொட்டியின் அருகிலும் அதைக் காணலாம். அதன் கைப்பிடியோடு ஒரு தண்டு இணைந்திருக்கும். அந்தத் தண்டின் வழியாகத் தண்ணீர் வெளியேறாதபடி ரப்பர் வளையமோ வேறு அடைப்புப் பொருளோ வைக்கப்பட்டிருக்கும். நாளடைவில் அது தேய்ந்து சுருங்கும். தண்ணீர் கசியத் தொடங்கும்.

பழைய வீடுகள் சிலவற்றில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் உள்ளன. பூச்சு தேய்ந்ததும் இரும்பின் உட்புறம் துருப்பிடிக்கும். வால்வைத் திருகிப் பொருத்தும் மரைப் பகுதியும் அரிக்கப்படும். இதனால்தான் பழைய வீட்டில் வால்வை மாற்றுவது, புதிய வீட்டில் மாற்றுவதைப் போல எளிதன்று. பல ஆண்டுகள் திருப்பப்படாமல் இறுகிப்போன வால்வை வலிந்து திருப்பினால் குழாயே உடைந்துவிடக்கூடும்.

துளியின் கணக்கு

ஏறத்தாழ 20 துளிகள் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் ஆகும். வினாடிக்கு ஒரு துளி சொட்டினால் ஒரு நாளில் 86,400 துளிகள். அதாவது 4 லிட்டருக்கும் மேல். ஓராண்டில் அது 1,500 லிட்டரைத் தாண்டும். 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 141 லிட்டர் தண்ணீரைப் பயன்படுத்தினார். ஆகவே, ஒரே ஒரு வால்வு ஓராண்டில் வீணாக்கும் தண்ணீர் ஒருவருக்குப் பத்து நாள்களுக்கு மேல் போதுமானது.

ஆயினும், அதற்கான கட்டணம் பத்து வெள்ளிகூட ஆகாது. அதனால்தான் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. உண்மையான இழப்பு கட்டண ரசீதில் தெரிவதில்லை. கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பிகள் உள்ளன. ஈரம் தொடர்ந்து ஊறினால் அவை துருப்பிடித்துப் பருக்கும். அந்த அழுத்தத்தால் கான்கிரீட் வெடித்து, உட்கூரையிலிருந்து துண்டு துண்டாகப் பெயர்ந்து விழும். நம் வீட்டில் சொட்டும் தண்ணீர், கீழ்வீட்டாரின் தலைக்குமேல் ஆபத்தாக மாறிவிடுகிறது.

ஒரு மாலை நேரம்

ஐம்பது ஆண்டுப் பழைய புளோக் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எட்டாம் மாடியில் ஒரு தாயும் மகளும் வசிக்கின்றனர். அவர்களுக்குக் கீழே, ஏழாம் மாடியில் ஒரு முதியவர் தனியாக வசிக்கிறார். ஒரு மாலை அவர் மேலே வந்து கதவைத் தட்டுகிறார்.

“அம்மா, என் சமையலறை உட்கூரையில் ஈரக்கறை படிந்திருக்கிறது. உங்கள் வீட்டில் எங்காவது தண்ணீர் கசிகிறதா, கொஞ்சம் பாருங்களேன்.”

“எங்கள் தரை காய்ந்துதானே இருக்கிறது, ஐயா? இங்கிருந்து தண்ணீர் வர வழியில்லையே!”

“நான் குறை சொல்ல வரவில்லை, அம்மா. அந்தக் கறைக்கு நேர் கீழேதான் அடுப்பு இருக்கிறது. அங்கே நின்று சமைக்கப் பயமாக இருக்கிறது. காரணம் தெரிந்தால் போதும்.”

அதைக் கேட்டதும் தாயின் குரல் தணிகிறது. “சரி, ஐயா. இன்றே பார்க்கிறோம்,” என்கிறார்.

அன்றிரவு படுக்கப் போகுமுன் மகள் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்களைக் குறித்துக்கொள்கிறாள். காலையில் யாரும் தண்ணீரைப் பயன்படுத்துமுன் மீண்டும் பார்க்கிறாள். எண்கள் மாறியிருக்கின்றன! இருவரும் ஒவ்வோர் இடமாகத் தேடுகின்றனர். பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே, அரிசி வாளிக்குப் பின்னால் வால்வு ஈரமாக இருக்கிறது. தண்ணீர் தரையில் பரவவில்லை. குழாயை ஒட்டியே வழிந்து, குழாய் தரைக்குள் இறங்கும் துளை வழியாகக் கீழே போகிறது. தாய் உடனே மீட்டருக்கு அருகிலுள்ள முதன்மை வால்வை மூடுகிறார். பிறகு கீழே சென்று, “காரணம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, ஐயா. சரிசெய்துவிடுகிறோம்,” என்று சொல்கிறார்.

யாரை அழைப்பது?

குழாயின் திறப்பு, ஷவர் போன்றவற்றை மாற்றுவது எளிய வேலை. அதை நாமே செய்யலாம். குழாய்ப் பாதையையே மாற்றுவதாக இருந்தால், பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழைக்க வேண்டும். துருப்பிடித்த பழைய குழாய் என்றால் தொடக்கத்திலேயே அவரை அழைப்பது நல்லது.

வேலையைத் தொடங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். வந்து பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு? பொருளுக்கும் கூலிக்கும் தனித்தனியாக எவ்வளவு? மீண்டும் கசிந்தால் திரும்ப வந்து பார்ப்பீர்களா? முன்கூட்டியே கேட்டுவிட்டால் பிறகு மனக்கசப்பு ஏற்படாது. நல்ல பணியாளர் இக்கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்வார்.

எட்டாம் மாடிக்கு வந்த பணியாளர் வால்வைச் சோதித்துப் பார்க்கிறார். “இதை இறுக்கினால் கசிவு இப்போதைக்கு நிற்கும், அக்கா. ஆனால், உள்ளே தேய்ந்துவிட்டது. மாற்றிவிடுவதே நல்லது. மரை துருப்பிடித்திருக்கிறது; மெதுவாகத்தான் கழற்ற வேண்டும்,” என்று விளக்குகிறார்.

செலவு யாருடையது?

வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர்க் குழாயும் வால்வும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. ஆகவே, இந்த வால்வுக்கு எட்டாம் மாடிக் குடும்பமே செலவு செய்ய வேண்டும்.

எல்லாக் கசிவும் இப்படிப்பட்டதன்று. குளியலறைத் தரைக்கு அடியில், தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ஒரு படலம் இருக்கும். அது நாள்பட்டுப் பழுதடைந்தால், மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே பொறுப்பேற்க வேண்டும். வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின்கீழ், செலவில் பாதியைக் கழகம் ஏற்கிறது. மீதிப் பாதியை இரு வீட்டாரும் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றனர். எனவே, காரணத்தைக் கண்டறியுமுன் பழி சொல்வது பயனற்றது.

பழைய புளோக்குகளைப் புதுப்பிக்கவும் திட்டம் உண்டு. 2007ஆம் ஆண்டில் இல்ல மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பெயர்ந்த கான்கிரீட்டைச் சரிசெய்வதும் பழைய கழிவுநீர்க் குழாய்களை மாற்றுவதும் அதில் அடங்கும். தொடக்கத்தில் 1986 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கு உரியதாக இருந்த இத்திட்டம், 2018இல் 1997 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆனால், தொட்டிக்குக் கீழே ஒரு வால்வு கசிகிறதா என்று எந்தத் திட்டமும் நாள்தோறும் வந்து பார்க்காது. அதை அவ்வீட்டில் வாழ்பவர்தான் பார்க்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

உங்கள் வீட்டின் முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றே பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழாய் உடையும் நேரத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. தொட்டியின் கீழே உள்ள பொருள்களை அவ்வப்போது நகர்த்திப் பாருங்கள். வால்வின் அடியில் காய்ந்த தாளைத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தெரிந்துவிடும். கசிவைக் கண்டால் அடியில் வாளியை வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள். கீழ்வீட்டார் கதவைத் தட்டினால் முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். அடுக்குமாடியில் நம் வீட்டைப் பேணுவது, அண்டை வீட்டாரைப் பேணுவதும் ஆகும்.