எங்கள் பேட்டைக்குப் புதிதாகக் குடிவருவோர்க்கு

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

வீடு மாறுவது என்பது சாமான்களை வண்டியிலிருந்து இறக்கி அடுக்குவதோடு முடிந்துவிடுவதில்லை. தண்ணீர் எப்போது வரும், எந்தக் கடையில் அரிசி வாங்குவது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே ஓடுவது என்று ஒன்றும் தெரியாமல், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் சில வாரங்கள் நிற்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெற்றோருடன் ராயபுரத்திற்கு வந்தாள். அவர்கள் வந்தது ஜூலை மாதம். அவள் எட்டாம் வகுப்பில் எங்களோடு வந்து அமர்ந்ததோ நவம்பர் மாதம். இடைப்பட்ட நான்கு மாதங்கள் அவள் வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டும் தம்பியைப் பார்த்துக்கொண்டும் இருந்தாள். படிக்க வைக்க மனமில்லாத பெற்றோர் அல்லர் அவர்கள். யாரைக் கேட்பது என்று தெரியாததே காரணம்.

இவ்வாண்டு எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை, "உங்கள் தெருவுக்குப் புதிதாக வந்தவர்களிடம் பேசுங்கள், அவர்களுக்கு முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டியது என்ன என்று கேட்டு எழுதுங்கள்" என்றார். நாங்கள் முதலில் கேட்டது அந்தத் தோழியைத்தான். அவளுடைய அனுமதியோடு, பெயரை மட்டும் விட்டுவிட்டு இக்கட்டுரையை எழுதியுள்ளோம்.

வந்தவர்களால் ஆன பேட்டை

புதிதாக வருபவர்கள் முதலில் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். இங்கே எல்லாருமே ஒரு காலத்தில் வந்தவர்கள்தாம். புனித பேதுருவைத் தமிழில் இராயப்பர் என்று அழைப்பது பழைய வழக்கம். மீனவராயிருந்த அந்த அப்போஸ்தலரின் பெயராலேயே ராயபுரம் என்ற பெயர் ஏற்பட்டது என்பர். அவர் பெயரிலுள்ள பழைய ஆலயம் இன்றும் இங்கே இருக்கிறது. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. அந்த நிலையக் கட்டடத்தை நாம் இன்றும் காணலாம். ஆர்மீனியப் பெயர் தாங்கிய அரத்தூன் சாலையில் 1910ஆம் ஆண்டு கட்டப்பெற்ற பார்சியரின் தீக்கோயில் உள்ளது. கடலை நம்பி வந்தவர், துறைமுகத்தில் மூட்டை சுமக்க வந்தவர், ரயில்வே வேலைக்கு வந்தவர் என எல்லாரும் சேர்ந்ததே இப்பேட்டை. ஆகவே, "நாம் வெளியூரார் ஆயிற்றே" என்று எவரும் தயங்க வேண்டியதில்லை.

வீடு பார்க்கும்போது

வாடகையும் முன்பணமும் எவ்வளவு என்பதோடு நம்மில் பலர் விசாரணையை நிறுத்திவிடுகிறோம். இவற்றையும் கேட்க வேண்டும்: குடிநீர்க் குழாய் வீட்டிற்குள் உள்ளதா, தெருப் பம்பா? கழிப்பறையை எத்தனை குடித்தனங்கள் பயன்படுத்துகின்றன? மின்சார மீட்டர் தனியா, பொதுவா? சென்ற மழைக்குத் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது? கடைசிக் கேள்வியை வீட்டுக்காரரிடம் மட்டுமன்றி எதிர்வீட்டிலும் கேட்பது நல்லது.

குடிபுகும் நாளில் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மின் கணக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை எடுக்கப்படுவதால், முன்பிருந்தவர் செலவழித்த மின்சாரத்திற்கு நாம் பணம் கட்ட நேரிடலாம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் விதி. இச்சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இருவரும் வேறாக ஒப்புக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்றும் அது கூறுகிறது. கொடுக்கும் பணத்திற்கு ரசீது வாங்கத் தயங்கக் கூடாது.

சென்னையில் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு உண்டு. முகவரி எழுதும்போது இரண்டையும் எழுதுங்கள். வழி கேட்டால் இங்குள்ளோர் எண்ணைச் சொல்வதில்லை, "கல்மண்டபத்துக்குப் பக்கம்", "ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால்" என்றுதான் சொல்வார்கள். ஆகவே உங்கள் வீட்டிற்கு அருகிலுள்ள அடையாளம் ஒன்றைக் குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர்

கிராமத்தில் கிணற்று நீரைக் குடித்துப் பழகிய எங்கள் தோழியின் வீட்டில், வந்த இரண்டாம் மாதமே தம்பிக்கு மஞ்சள் காமாலை கண்டது. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்திருக்கிறார்கள். பழைய பேட்டைகளில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே செல்கின்றன. குழாயில் நீர் இல்லாத வேளையில், வெடிப்புகளின் வழியே வெளி அழுக்கு உள்ளே இழுக்கப்பட வாய்ப்புண்டு. தண்ணீர் திறந்தவுடன் முதலில் வருவது கலங்கலாக இருப்பதை நாமே பார்த்திருக்கிறோம்.

எனவே முதலில் வரும் நீரைத் துணி துவைக்க ஒதுக்குங்கள். குடிக்கும் நீரை நன்றாகக் கொதிக்க வைத்து, கொதித்தபின் மேலும் ஒரு நிமிடமாவது அடுப்பில் விட்டு, மூடி ஆறவையுங்கள். கைவிட்டு மொள்ளாமல் நீண்ட பிடியுள்ள கரண்டியால் மொள்ளுங்கள். துர்நாற்றம் வீசினால் அந்த நீரைக் காய்ச்சியும் குடிக்கக் கூடாது. உடனே புகார் செய்ய வேண்டும். கடற்கரைப் பகுதியாதலால் சில ஆழ்குழாய்க் கிணறுகளின் நீர் உப்பாக இருக்கும். காய்ச்சினால் கிருமி சாகுமேயன்றி உப்பு போகாது.

2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டபோது, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அனுபவத்தால் இங்கே எல்லா வீடுகளிலும் டிரம்களில் நீர் சேமிக்கிறோம். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. டெங்குக் கொசு நல்ல நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். டிரம்மை நன்றாக மூடி வைத்து, வாரம் ஒருமுறை உட்புறச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்குமாதலால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது.

பள்ளிக்கூடம்

எங்கள் தோழியின் தந்தை, வந்த வாரமே அவளை ஒரு பள்ளிக்கு அழைத்துச் சென்றார். மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க இயலாது என்று அங்கே கூறிவிட்டார்கள். ஊருக்குப் போய் வர அவருக்கு இரண்டு நாள் கூலி போய்விடும். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று தள்ளித் தள்ளி நான்கு மாதங்கள் ஓடிவிட்டன.

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும்போது, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும், ஆண்டின் நடுவில் வந்தாய் என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. இதைத் தெரிந்தவர் ஒருவர் அவர்கள் தெருவில் இருந்திருந்தால், அவள் அந்த நான்கு மாதப் பாடங்களை இழந்திருக்க மாட்டாள்.

ஆயினும் ஊரை விட்டுப் புறப்படும் முன்பே மாற்றுச் சான்றிதழையும் பள்ளியில் உள்ள எமிஸ் எண்ணையும் வாங்கிவிடுவதே சிறந்தது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது மிகவும் அவசியம். பள்ளிப் படிப்பு நின்று வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

அவளுக்கு வழி காட்டியவர் படித்த அதிகாரி அல்லர். கூடையில் மீன் விற்கும் பாட்டி ஒருவர். பள்ளி நேரத்தில் குடமும் கையுமாக நின்றவளைப் பார்த்து, "ஏன் கண்ணு, பள்ளிக்கூடம் போவலியா?" என்று கேட்டிருக்கிறார். காரணத்தைக் கேட்டறிந்ததும், மறுநாள் காலை வியாபாரத்தை விட்டுவிட்டு, தாயையும் மகளையும் நம் பள்ளி சிஸ்டரிடம் அழைத்து வந்தார். அன்றே அவள் வகுப்பில் அமர்ந்தாள்.

அன்றாடத் தேவைகள்

குடும்ப அட்டையில் முகவரி மாறும்வரை அரிசி கிடைக்காது என்று சிலர் எண்ணி, கடையில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டின் எந்த நியாயவிலைக் கடையிலும் நம் அட்டைக்குப் பொருள் பெற வழி செய்யப்பட்டுள்ளது. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8ஐ நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

பிரசவத்திற்கு ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையும், பிற நோய்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் அருகில் உள்ளன. அவசரத்திற்கு 108ஐ அழைக்கலாம். தெருவிளக்கு, குப்பை, தேங்கிய மழைநீர் ஆகியவற்றுக்கு மாநகராட்சியின் 1913 என்ற எண் உண்டு. புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால்தான் மறுபடி விசாரிக்க இயலும்.

காசிமேடு மீன் சந்தை பக்கத்திலேயே இருந்தாலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. அப்போது மீன் விலை ஏறும். நம் அண்டை வீட்டு மீனவர்க்கு வருமானம் குறையும். அந்நாட்களில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் கட்டணமோ கடனோ தள்ளிப்போனால் குறை கூறாதிருப்பது நம் கடமை.

மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தையும், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் சென்னை கண்டது. செப்டம்பர் மாதத்திலேயே குடும்ப அட்டை, சான்றிதழ்கள், பாடப் புத்தகங்கள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு உயரமான பரணில் வையுங்கள். வீட்டிற்குள் நீர் புகும் நிலை வந்தால், அது வருமுன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடக் கூடாது. மாடி வீட்டாரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தன்றுதான் முதல் வணக்கம் சொல்வது என்று இருக்க வேண்டாம்.

பழையவர்களுக்கு ஒரு சொல்

இக்கட்டுரையை இத்துடன் முடிப்பதாகவே இருந்தோம். எழுதியதைத் தோழியிடம் படித்துக் காட்டினோம். எல்லாம் சரிதான் என்றாள். பிறகு சற்று நேரம் பேசாதிருந்து, "தண்ணிக்கு அலைஞ்சதைக்கூட மறந்துட்டேன். நீங்கள்லாம் என் பேச்சைச் சொல்லிக் காட்டிச் சிரிச்சதுதான் மறக்கலை" என்றாள்.

எங்களால் பதில் கூற முடியவில்லை. அவள் வந்த புதிதில் ஊர்ப் பேச்சைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்தவர்கள் நாங்கள்தாம். மதிய உணவு வேளையில் ஒரு மாதம் வரை அவள் தனியே வேப்பமரத்தடியில் உண்டாள். விட்டுப்போன கணக்குப் பாடத்தை விளங்கிக்கொள்ள எங்கள் நோட்டைக் கேட்டபோது, "நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லிக் கொடுக்காமலும் இருந்திருக்கிறோம். அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "அதான் இப்ப சேர்ந்துதானே படிக்கிறோம்" என்று சொல்லிவிட்டாள். எங்களுக்குத்தான் மனம் ஆறவில்லை.

புதியவர்களுக்கு அறிவுரை சொல்ல நாம் முன்வருகிறோம். ஆனால் அவர்கள் நம்மிடம் வந்து கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். புதிய இடத்தில் கூச்சமே பெரிய சுவர். அதை உள்ளிருந்து திறப்பது நமக்கு எளிது. வெளியிலிருந்து தட்டுவது அவர்களுக்குக் கடினம்.

முடிவுரை

திருக்குடும்பத்தாரும் ஒரு காலத்தில் கைக்குழந்தையோடு எகிப்து நாட்டிற்குப் புதியவர்களாகச் சென்றவர்களே. அங்கே அவர்களுக்கு முதல் குடம் தண்ணீர் கொடுத்தவர் யாரென்று வேதாகமத்தில் எழுதப்படவில்லை. அத்தகைய ஒருவராக இருக்க நம்மால் முடியும்.

அன்புத் தோழியரே! உங்கள் தெருவில் சாமான் வண்டி ஒன்று வந்து நின்றால், வேடிக்கை பார்த்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். ஒரு குடம் குடிநீர் கொண்டு கொடுங்கள். குழாய் எப்போது வரும் என்று சொல்லுங்கள். அவ்வீட்டில் நம் வயதுப் பெண் இருந்தால், அந்த மீன்காரப் பாட்டி கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். அவள் எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும், முதல் நாள் மதியம் அவளைத் தனியே உண்ண விடாதீர்கள்.

புதிதாக வந்திருக்கும் பெற்றோர்களே! தயங்காமல் கேளுங்கள். நாங்களும் இனிமேல் நீங்கள் கேட்கும்வரை காத்திருக்க மாட்டோம்.