இருவகை மின்னோட்டங்களை இணைக்கும் மாற்றிகள்

கதிரவப் பலகை தருவதும், பாட்டரி தேக்கி வைப்பதும் நேர்மின்சாரம். கம்பத்துக் கம்பிகளில் வருவது மாறுமின்சாரம். எல்.இ.டி. விளக்கு உள்ளூர வேண்டுவதோ நேர்மின்சாரமே. பலகையின் மின்சாரத்தை ஒருமுறை மாற்றி, விளக்கினுள் மீண்டும் திருப்புவோமாயின், மாற்றத்துக்கு நூற்றுக்குப் பத்து வீதம் இழப்பெனக் கொண்டால், 100 வாட்டில் 81 வாட்டே எஞ்சும். இவ்விழப்பைத் தவிர்க்கவே சென்னை ஐ.ஐ.டி.யில் 48 வோல்ட் நேர்மின் முறை உருவாயிற்று. இராஜஸ்தானத்தில் மின்கம்பி எட்டாத வீடுகளில் அது பொருத்தப்பட்டது.

எனினும், 48 வோல்ட் வீட்டைத் தாண்டி நெடுந்தொலைவு செல்லத் தகுந்ததன்று. 480 வாட்டுக்கு அதில் 10 ஆம்பியர் ஓடும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியரே. கம்பியில் வெப்பமாகும் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலால் அதே கம்பியில் இழப்பு சுமார் 23 மடங்காகும். (மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்த்தல் நன்று.) மேலும், ஊரிலுள்ள பம்பும் மாவரைக்கும் இயந்திரமும் பெரும்பாலும் மாறுமின்சாரத்துக்கென அமைந்தவை. ஆகவே, இரண்டையும் கொண்ட சிறு மின்வலை தேவையாகிறது.

இவ்விரு பகுதிகளுக்கும் இடையே நிற்பது இருதிசை மாற்றி. பாலம்போல் இணைந்த நான்கு டிரான்ஸிஸ்டர்கள் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, துடிப்புகளின் அகலத்தை மாற்றி அலையை உருவாக்குகின்றன. எதிர்த்திசையில் அதே பாலம் அலையை நேராக்கும். 230 வோல்ட் அலையின் உச்சம் 325 வோல்ட். எனவே பாலத்தின் நேர்மின் பக்கம் 400 வோல்ட் அளவில் வைக்கப்படும்.

சக்தி எத்திசையில் செல்வது என்பதை யார் கூறுவர்? தனித்தியங்கும் மின்வலையில், சுமை மிகுந்தால் மாறுமின் பகுதியில் அதிர்வெண் 50-க்குக் கீழ் சற்றுத் தாழும்படியும், நேர்மின் பகுதியில் மின்னழுத்தம் தாழும்படியும் அமைத்திருப்பர். மாற்றி இவ்விரு தாழ்வுகளையும் அவற்றவற்றின் எல்லைக்கு விகிதமாக ஒப்பிட்டு, மிகத் தளர்ந்த பக்கத்துக்குச் சக்தியை அனுப்பும். செய்திக் கம்பி ஏதும் வேண்டுவதில்லை. இம்முறையின் அழகே இதுதான்.

களப்பணியாளர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மின்தேக்கியை. ஒற்றைக் கட்ட மாறுமின்சாரத்தில் சக்தி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குவதால், அதைச் சமன் செய்யப் பெரிய மின்தேக்கி அவசியம். 1000 மைக்ரோபாரட் மின்தேக்கி 400 வோல்ட்டில் 80 ஜூல் கொண்டிருக்கும். அது உயிர்க்கு ஆபத்தானது. சாவியை மூடியதும் அது வெறுமையாகிவிடாது. 50,000 ஓம் தடை வழியே வடிய 4 நிமிடங்களுக்கு மேலாகும். ஆகையால், குறிக்கப்பட்ட நேரம் பொறுத்து, அளவியால் சோதித்த பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். மேலும், நேர்மின்சாரம் இயல்பாகச் சுழியைத் தொடாததால் அதன் தீப்பொறி எளிதில் அணையாது. அப்பாதையில் மாறுமின்சாரச் சாவியைப் பொருத்தலாகாது. பகலில் பலகையை எந்தச் சாவியும் அணைப்பதில்லை என்பதையும் நினைவிற்கொண்டு, வேலைக்கு முன் அதன் இணைப்பைத் தனியே துண்டித்தல் வேண்டும்.